வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

என் அண்ணன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான். சாத்தான்குளத்திலிருந்து நாசரேத்துக்கு வருகிற பஸ். மடியில் பரீட்சைத் தாள்கள் கட்டாக இருந்தன. வாத்தியார் அசந்து தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் தோளைத் தொட்டு, "சார், எறங்கலையா?" என்று கேட்டிருக்கிறார். அடக்கத்துக்கு வந்திருந்த அந்தக் கண்டக்டர், தான் சத்தமாகக் கேட்டுவிட்டதாகச் சொல்லி அழுதார்.

அண்ணன் எனக்கு மூன்று வயது மூத்தவன். ஐம்பதைத் தொடவில்லை. அப்பா அதைவிடச் சின்ன வயதில் போனார். இரண்டு பேருக்கும் மாரடைப்பு என்றே சொன்னார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே மாதிரிப் போகிறார்களே, ஏன் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிக்கொண்டு, மழையில் நனைந்தபடி கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பினோம்.

நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், சில வருஷம் அதுவும் இல்லை. ஒரே மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் பகலெல்லாம் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும். ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் தூசி ஒட்டும். அந்த வீட்டில் நான் ஒருத்தி.

அடக்கத்துக்குப் போய்வந்ததிலிருந்து இருமல் விடவில்லை. அடுத்த தெரு டாக்டரிடம் போனேன். வயதானவர், எதையும் நிதானமாகத்தான் செய்வார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் வரச் சொன்னார்.

"இந்த மஞ்சள் எப்ப இருந்து இருக்கு டீச்சர்?"

கண் இமைகளில் மூக்கை ஒட்டினாற்போல் ஒரு மஞ்சள் தடிப்பு. நாலைந்து வருஷமாக இருந்தது. மஞ்சள் பூசும் வழக்கமே இல்லாத எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இது என்ன என்று என் மாமியார்கூட ஒரு தடவை கேலி செய்திருக்கிறார். வயதானால் வருவது என்று விட்டிருந்தேன்.

"குதிகாலைக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

இருமலுக்கு வந்தவளிடம் குதிகாலைக் கேட்கிறாரே என்று கூச்சமாக இருந்தது. குதிகாலுக்கு மேலே உள்ள நரம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். எனக்கு அது தடிப்பாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

"செத்துப்போன உங்க அண்ணனுக்கும் இப்படி இருந்ததா?"

இருந்தது. அண்ணன் செருப்பு வாங்கினால் முதல் வேலையாகப் பின்வாரை அறுத்துவிடுவான். உரசுகிறது என்பான். டாக்டரிடம் அதைச் சொன்னதும் அவர் என் காலைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கைகழுவினார். வெகு நேரம் கழுவினார்.

ரத்தத்தைத் திருநெல்வேலிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கொலஸ்ட்ரால் இருந்தது. அந்த வார்த்தையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஒரு கொழுப்பு டீச்சர். நீங்க திங்குறதுல இருந்து கொஞ்சம் வரும். உங்களுக்கு அதைவிட உடம்பே கூடுதலா உண்டாக்குது. ரத்தக் குழாய்ல படிஞ்சுக்கிட்டே வரும். உங்க அப்பா, அண்ணன், நீங்க. குடும்பத்துல வாரது" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒரு மகள் உண்டுல்லா?" என்று கேட்டார்.

"பதினேழு வயசு டாக்டர்" என்றேன்.

"பயப்படாதீங்க. பூவா தலையா மாதிரிதான். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்திருவோம். இருந்தா இந்த வயசுலயே கவனிக்கலாம். உங்க அண்ணன் மாதிரி தெரியாமலே இருந்திரக்கூடாது."

பாதிக்குப் பாதி என்றால் என்னவென்று கணக்கு டீச்சருக்கு விளக்க வேண்டாம். வகுப்பில் காசைச் சுண்டிக் காட்டித்தான் அந்தப் பாடத்தை நடத்துவேன். அதன் பிறகு அந்தப் பாடத்தை நடத்த எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கணவருக்கு எழுதவில்லை. படித்துவிட்டு உடனே திரும்பி வரமுடியாத மனிதர். நடுக்கடலில் அவர் ஒருவர் கிடந்து தவிப்பதால் எனக்கு என்ன ஆகப்போகிறது?

முதலில் கொடுத்தது ஒரு கேப்ஸ்யூல். முட்டை மஞ்சள், ஆட்டுக்கறி, நெய், தேங்காய், இறால் எல்லாவற்றையும் விடச் சொன்னார். விட்டேன். தேங்காய் அரைக்காத மீன்குழம்பை நான் சமைத்து நானே சாப்பிட்டேன். கேப்ஸ்யூல்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் குமட்டல். பிறகு கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. யாரோ இரண்டு கையாலும் கெண்டைச் சதையைப் பிழிவதுபோல இருக்கும். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாடியில். படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிப்பவள்போல நடுவில் நிற்பேன். இறங்குவது அதைவிடக் கஷ்டம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மகள் விடுமுறைக்கு வந்தாள். பின்வாசல் படியில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்துவிட்டாள். காலையில் நான் வாந்தி எடுப்பதையும் பார்த்தாள். டாக்டர் சொன்னதை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். எந்த நேரத்தில் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன்.

"எனக்கும் இருக்கும்ங்கியா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரத்தம் குடுத்தாத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சு? இருக்குன்னு சொன்னா என்ன செய்வாங்க? இந்த மாத்திரையத்தானே குடுப்பாங்க? உக்காந்து உக்காந்து எறங்கணும், அதானே?"

"ஏளா, உயிர விட கால்வலி பெருசா?"

"எனக்கு இப்ப ஒண்ணும் வலிக்கலைம்மா. ஓடுதேன், ஆடுதேன், நல்லா இருக்கேன். தெரிஞ்ச மறுநாள்ல இருந்து நான் நோயாளி. நான் மாட்டேன்."

அவள் விடுதியின் வளைப்பந்துக் குழுவில் ஆடுகிறவள். பதினேழு வயதில் கால்தான் அவளுக்கு எல்லாம். கெஞ்சினேன், அதட்டினேன். மாமாவை நினைத்துப் பார் என்றும் சொல்லிவிட்டேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே விடுதிக்குப் புறப்பட்டுவிட்டாள். பஸ்ஸில் ஏறும்போது அவளுடைய குதிகாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒல்லியாக, எலும்பு தெரிய இருந்தது. சின்ன வயதில் தெரியாது, போகப் போகத்தான் தடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கேப்ஸ்யூலை நானே நிறுத்திவிட்டேன். டாக்டர் சத்தம் போட்டார். பிறகு, சிலருக்குச் சதையில் இப்படி வரும் என்று சொல்லி, நிகோடினிக் அமிலம் என்று ஒரு வெள்ளை மாத்திரை எழுதித் தந்தார். "சாப்பிட்ட பிறகு போடுங்க. முகம் கொஞ்சம் செவக்கும்" என்றார்.

கொஞ்சம் என்று அவர் சொன்னதை நான் நம்பிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். முதல் பீரியட் நடந்துகொண்டிருந்தது. காது மடல் சுட்டது. பிறகு கன்னம், கழுத்து, மார்பு என்று இறங்கியது. மிளகாய் வற்றல் அரைத்த கையை முகத்தில் தேய்த்துவிட்டாற்போல் எரிந்தது. எரிச்சலுக்கு அடியில் ஓர் அரிப்பு. கடலில் குளிக்கும்போது கூழ்போல மிதக்கிற சொறிமுட்டை உடம்பில் பட்டால் தாளமுடியாமல் எரியுமே, அப்படி. கையில் சாக்பீஸ். பின்னால் நாற்பது பெண்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே நின்று, தேவையில்லாத ஒரு பெருக்கலை எழுதிக்கொண்டே போனேன்.

ஆசிரியைகள் அறையில் தையல் டீச்சர் என்னைப் பார்த்ததும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"ஆரம்பிச்சிட்டா? எனக்கும் இப்படித்தான். போன மாசம் ஜெபக் கூட்டத்துல, குருவானவர் ஆமென்னு சொல்லுதாரு, எனக்கு முதுகுல வேர்வை ஆறா ஓடுது. விசிறிய வச்சுக்கிட்டு நான் ஒருத்தி மட்டும் விசிறிக்கிட்டு இருக்கேன், எல்லாரும் கண்ண மூடி இருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அந்தக் காலம் வந்துவிட்டது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மாதவிடாய் நிற்கிற காலத்து வேக்காடு என்றால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், கேலி செய்யலாம், மோர் குடிக்கச் சொல்லலாம். ரத்தத்தில் கொழுப்பு, அண்ணனைக் கொண்டுபோனது, மகளுக்கும் இருக்கலாம் என்று சொன்னால் அந்த அறையில் சிரிப்பு நின்றுவிடும். அதற்குப் பிறகு தினமும் மதியம் எனக்கென்று ஒரு டம்ளர் மோர் வந்தது. எனக்கு இல்லாத கஷ்டத்துக்கு வந்த ஆறுதலை நான் வாங்கிக் குடித்தேன்.

திரேஸ்புரத்திலிருந்து வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாளை அவ்வளவு எளிதில் சமாளிக்க முடியவில்லை. கூடையை இறக்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன டீச்சரம்மா, மூஞ்சி அவிச்ச நண்டாட்டம் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல, வெயில்."

"வீட்டுக்குள்ளயா வெயிலு? செரி, எறாலு வந்திருக்கு, பாருங்க, துள்ளுது."

"வேண்டாம். எறால் சாப்பிடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு? அடுத்த தெருக்காரா? அவுக வீட்லதான் இப்ப ஒரு பங்கு எறக்கிட்டு வாரேன்! நல்லா இருக்கே நாயம். நீங்க வேண்டாம்னு சொன்னா அவுகளுக்கு வெல சகாயமாக் கெடைக்கும்லா."

நான் சாளை மீன் வாங்கிக்கொண்டேன். அவள் போன பிறகு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்ததைச் சொல்ல யாரும் இல்லாததால் அது சீக்கிரம் அடங்கிவிட்டது.

மாதக் கடைசியில் டாக்டர் கேட்டபோது, "நல்லா ஒத்துக்கிடுது டாக்டர், ஒண்ணும் செய்யல" என்று சொன்னேன். இதையும் நிறுத்திவிட்டால் பிறகு கொடுக்க வேறு மருந்து அவரிடம் இல்லை என்று எனக்குத் தோன்றியிருந்தது. அதைவிட, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு மகள் வரப்போகிறாள். இந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான் நன்றாக நடமாடுவதை அவள் பார்க்க வேண்டும். பார்த்தால் ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பாள். என் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

வந்தாள். தினமும் அவள் கண்ணெதிரே காலைச் சாப்பாட்டை முடித்து மாத்திரையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சூடு ஏறத் தொடங்கும். குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். துண்டை நனைத்து முகத்திலும் மார்பிலும் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். அடங்கியதும் பவுடர் பூசிக்கொண்டு வெளியே வருவேன்.

"இப்ப கால் வலி இல்லியாம்மா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"பாரேன்" என்று சொல்லிப் பின்வாசல் படியில் கைபிடிக்காமல் இறங்கிக் காட்டினேன். கால் உண்மையிலேயே வலிக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் நான் பொய் சொல்லவில்லை.

"செரி, பாப்போம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையே எனக்குப் பெரிதாக இருந்தது.

அவள் விடுதிக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. நற்கருணை ஆராதனை. திடப்படுத்தல் பெற்று முதன்முதலாக அப்பமும் ரசமும் வாங்கிய நாளிலிருந்து நான் வெறும் வயிற்றோடுதான் நற்கருணை எடுத்திருக்கிறேன். எங்கள் அப்பா அப்படி எங்களைப் பழக்கியிருந்தார். காப்பிகூடக் கிடையாது. காய்ச்சல் வந்தால் மட்டும், மருந்து ஆகாரம் இல்லை, சாப்பிடலாம் என்பார். அன்று காலை சேலை கட்டிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்:

"மாத்திரை போட்டாச்சா?"

சாப்பிட்ட பிறகு என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. கோயிலிலிருந்து வந்து போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்கிறாள், நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்று காட்டிக்கொண்டிருக்கிறேன். மருந்து ஆகாரம் இல்லையே. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டேன். பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்து பீடத்துக்குப் போவதற்குள் எரிச்சல் வந்து அடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

முதல் பாட்டிலேயே தொடங்கிவிட்டது. வழக்கமாக மார்போடு நிற்பது அன்று வயிறு, தொடை, உள்ளங்கால் வரை போனது. பாமாலைப் புத்தகம் கையில் வழுக்கியது. மகள் பக்கத்தில் இருந்தாள். எழுந்து வெளியே போனால் அவளுக்குத் தெரிந்துவிடும். அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. எரிவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். பீடத்தின் கிராதியருகே முழங்காலிட்டபோது நெஞ்சு படபடத்தது. அப்பத்தை வாங்கினேன். கிண்ணம் வந்தது. திராட்சை ரசம் தொண்டையில் இறங்கியதும் புதிதாக நெருப்பு வைத்ததுபோல் முகம் பற்றியது. எழுந்திருக்கக் கிராதியைப் பிடித்தேன். சிவப்புக் கம்பளம் என்னை நோக்கி வந்தது.

கண் விழித்தபோது பக்கத்து அறையில் பாயில் கிடந்தேன். தையல் டீச்சர் பாமாலைப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ ஒரு பெண், "ஒரு மொடக்கு ரசத்துக்கே இப்படியா? மூஞ்சியப் பாரு, தக்காளிப் பழம்!" என்று சொன்னாள். இன்னொருத்தி, "சும்மா இரிளா, கேக்கப்போகுது" என்றாள். மகள் என் காலடியில் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அவளுடைய முகம்தான் என் முகத்துக்கு நேர்மாறாக வெளுத்துப்போயிருந்தது.

ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வீட்டுக்குள் வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இட்லியைத் தட்டில் வைத்த பிறகு கேட்டாள்.

"எத்தன நாளா இப்படி?"

"இன்னைக்குத்தான். வெறும் வயித்துல போட்டுட்டேன்லா..."

"அம்மா. இப்பத்தான் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்க."

தலையைக் குனிந்துகொண்டேன். "தினமும் எரியும். இவ்வளவு இருக்காது."

"அதுக்குத்தான் குளிக்கப் போனியா? அவ்வளவு நேரம்?"

"ஆமா."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அப்பாவ நெனச்சு நீ உள்ள போயி அழுதிட்டு வாரன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கப்பாவ நெனச்சு அழுததெல்லாம் கல்யாணமான புதுசுல."

அவள் சிரிக்கவில்லை. இட்லியைப் பிய்த்து என் வாயருகே கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன்.

"எனக்கு இருந்தா எனக்கும் எரியுமா?"

எரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. "எரியலாம்" என்றேன். "கால் வலிக்கலாம். வேற என்னவும் செய்யலாம். ஆனா சொன்னா மருந்தக் கொறைப்பாங்க, மாத்துவாங்க. டாக்டர்ட்ட கேட்டுக் கேட்டுத்தான் செய்யணும்."

"நீ கேட்டியா?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"கேக்கலைல்லா. அவர்ட்டயும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லியிருப்ப. மொதல்ல நீ போயி உள்ளதச் சொல்லு. பொறவு நான் ரத்தம் குடுக்கேன்."

மறுநாள் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லா ஒத்துக்கிடுதுன்னு சொன்னீங்களே டீச்சர்?"

"நீங்க நிறுத்திருவீங்களோன்னு பயமா இருந்தது."

"பயந்து, எனக்கே மார்க்கைக் கூட்டிப் போட்டுக் குடுத்துட்டீங்க. மருந்து ஆகாரம் இல்லைன்னு யாரு சொன்னா?"

"எங்கப்பா."

"அவரு வேதத்துல கெட்டிக்காரரா இருக்கலாம். அன்னைக்கு ஒரு நாள் பூசையெல்லாம் முடிஞ்சு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டா உங்க சாமி கோவிச்சுக்கிடுமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த விடுமுறையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

கால் மாத்திரையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். பாதிச் சோறு சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டுவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட வேண்டும். அதன்மேல் சூடாகக் காப்பி குடிக்கக்கூடாது. சில வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், உடம்பு பழகிக்கொண்டால் எரிச்சல் தணியும், பழகாவிட்டால் வேறு யோசிக்கலாம் என்றார். இந்த மருந்து சிலருக்கு ஈரலைத் தொந்தரவு செய்யும் என்பதால் இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். "முடியலைன்னா வந்து சொல்லுங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா சகிச்சுக்கிடவும் வேண்டாம்." இறாலைப் பற்றிக் கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மகள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

ரத்தம் கொடுக்க நான் கூட வரக்கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். "உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பயம் வந்திரும். விடுதிக்குப் பக்கத்துலதான் ஆஸ்பத்திரி. நான் போயிக்கிடுவேன்."

முடிவு வருவதற்கு நாளாகும் என்றிருந்தார்கள். அந்த நாட்களில் பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு வரப் பிடிக்காமல் கடற்கரைச் சாலையில் நடந்தேன். தோணிகளிலிருந்து சரக்கு இறக்குவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஜெபம் பண்ணினால் வார்த்தை பாதியில் நின்றுவிடும். அவளுக்கு இருக்கக்கூடாது என்று கேட்க வேண்டும். ஆனால், இருந்துவிட்டால் எப்படி என்றுதான் மனது ஓடியது. கோடை விடுமுறை, சாப்பாட்டு மேசை, அவளுக்கு ஒரு மாத்திரை, எனக்கு ஒரு மாத்திரை. "எரியுதாம்மா?" என்று அவள் கேட்கிறாள். "உனக்கு?" என்று நான் கேட்கிறேன். ஒருவருக்கொருவர் துண்டை நனைத்துக் கொடுக்கிறோம். பயத்தில்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் காட்சி எனக்கு ஆறுதலாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள். மகள் நின்றுகொண்டிருந்தாள். மாடிப்படியில் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. அவளைப் பார்த்ததும் சுவரில் கைவைத்துக்கொண்டேன்.

"எனக்கு இல்லம்மா" என்றாள்.

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எதற்கு இல்லை, என்ன இல்லை என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததைப் பார்த்து, முன் பெஞ்சில் இருந்த ஒருத்தியும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்கு அவளுக்காகத் தேங்காய் உடைத்தேன். வேண்டாம், உனக்கு வைக்கிற குழம்பே போதும் என்றாள். கேட்கவில்லை. தேங்காய் அரைத்து ஒரு குழம்பு, அரைக்காமல் ஒரு குழம்பு, இரண்டு சட்டி வைத்தேன். அவள் தன் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். பாதியில், "நீ மட்டும்தானா இனிமே?" என்று கேட்டாள்.

"நல்லதுதானே" என்றேன். நல்லதுதான். அவளுக்கு இல்லை என்பதற்கு நான் நன்றி சொல்லாமல் ஒரு நாளும் எழுந்ததில்லை. ஆனால் அவள் அப்படிக் கேட்டபோது உள்ளே ஏதோ ஒன்று இடம்பெயர்ந்தது. இந்த ரத்தம் அப்பாவுக்கு இருந்தது, அண்ணனுக்கு இருந்தது. தங்களுக்கு இருப்பது இன்னது என்று தெரியாமலே இருவரும் போய்விட்டார்கள். தெரிந்துகொண்டு உயிரோடு இருப்பது நான் மட்டும். என் மகள்கூட இனி இதை வெளியிலிருந்து பார்க்கிறவள்தான். அவள் வெளியில் இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாளும் கேட்டேன்?

ஞாயிறு மாலை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சாப்பாட்டுக்கு நடுவுல, மறந்திராத!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். மீந்திருந்த சோற்றில் என் குழம்பை ஊற்றிப் பாதி சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் காது மடல் வெதுவெதுப்பாகியது, கன்னத்துக்கு வந்தது. பெரிய எரிச்சல் இல்லை.

"அவளுக்கு இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். என் குரல் சமையலறை வரை போய்விட்டு வந்ததுபோல் இருந்தது. கழுத்து சூடாக இருந்தபோதே தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மீதிச் சோற்றையும் சாப்பிட்டேன்.